மூன்று கார்களும் ஒரு கூரையும்

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் காரில் போவதில் பெரிய ஆசை கிடையாது. வெளியூர் போவதென்றால் பஸ்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிக்கொண்டே போய்விடுவேன். கார் ஓட்டுகிறவர்களுக்கு இன்ஜின் பிடிக்கும், வேகம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதன் உடம்பு மட்டும். தகரம் எங்கே வளையத் தொடங்குகிறது, அந்த வளைவு எங்கே போய் முடிகிறது என்றுதான் பார்ப்பேன். டிங்கர் வேலை செய்கிறவன் வேறெதைப் பார்ப்பான்.

வெளியே நிற்கும் வண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷன் வாசலில் இருந்த காவலர் முதலில் கேட்டதே, "இது எந்தக் கம்பெனி வண்டிங்க?" என்றுதான். எந்தக் கம்பெனியும் இல்லை என்றேன். உள்ளே வந்ததும், புகார் யார் மேல் என்று நீங்கள் கேட்டீர்கள். என் மேல்தான் என்றேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் ஏதாவது கேட்பதென்றால் கேளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த வண்டியின் மூக்கு ஒரு காருடையது. மூடிக் கிடந்த பஞ்சாலையின் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தேன். முதலாளி காலத்து வண்டி. பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும்தான் மிச்சம், மற்றதெல்லாம் துரு தின்றுவிட்டது. கதவுகளும் இன்ஜினும் ஒரு பழைய டாக்சியுடையவை. பின்பக்கம் வேறொரு காருடையது, ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கோழிக் கூண்டாகக் கிடந்தது. கோழிகளுக்கு மரத்தில் நல்ல கூண்டு ஒன்று செய்து கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன். அந்த வீட்டம்மா கடைசி வரை என்னை நம்பவில்லை. "கூண்டு ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா இந்த டப்பாவ வெச்சு நீங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே கேட் வரை வந்தார்.

வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்கள் செய்த தகரங்கள். முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம், நடுவில் கதவு பலகை போலத் தட்டை. மூன்றையும் ஒரே வண்டியாக்குவதென்றால் இடையில் வரும் துண்டுகளை நானே அடித்து வளைக்க வேண்டும். அடித்தேன். பகலில் ஊரார் வண்டிகளின் ஒடுக்கு எடுப்பேன், மாலையில் இதில் உட்காருவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாரும் தேடப்போவதில்லை. தோள்பட்டை வரைக்கும் வண்டி ஒழுங்காக வந்துவிட்டது. கூரைதான் வரவில்லை.

இரண்டு கதவுக் கூபே வண்டிக்குக் கூரைதான் முகம். கண்ணாடிக்கு மேல் எழுந்து, தலைக்கு மேல் போய், அங்கிருந்து ஒரே இழுப்பாகப் பின்னால் சரிய வேண்டும். நான் தகரத்தில் அடித்துப் பார்த்தவை எல்லாம் பாத்திரத்தைக் கவிழ்த்தது போல் இருந்தன. என்னோடு வேலை செய்த பெயின்டர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, காருக்கு ஜலதோஷம் புடிச்சு குல்லா போட்ட மாதிரி இருக்குண்ணே" என்றார். சிரித்தேன். அதைப் பிய்த்து ஓரமாகப் போட்டேன்.

எனக்கு வேண்டிய கூரை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் தங்கை வீட்டு வாசலில்.

தங்கையின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கலகலப்பான மனிதர். கடைக்கு வருகிறவர்களிடம், "இதப் போட்டுக்கிட்டு வீட்டுக்காரரப் பாத்து பயந்துடாதீங்க" என்று சொல்லித்தான் கண்ணாடியைக் கொடுப்பார். அவருடைய அப்பா ஓட்டிய கார் அது. இரண்டு கதவு, பக்கவாட்டில் நடுக்கம்பி கிடையாது, கூரை முன்னிருந்து பின்வரை ஒரே தகரம். இன்ஜின் பாதி நாள் ஓடாது. ஆனாலும் வாரம் தவறாமல் குளிப்பாட்டித் துடைத்து வைப்பார். பலமுறை கேட்டிருக்கிறேன். கூரைக்குப் பதிலாக வேறு கார் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"மச்சான், கிட்னியக் கேளுங்க, இப்பவே படுத்துக்கறேன். கூரைய மட்டும் கேக்காதீங்க. அப்பா பக்கத்துல உக்காந்து வர்ற மாதிரி இருக்கும் எனக்கு."

தங்கை தட்டை வைத்துக்கொண்டே, "நீ தங்கச்சியப் பாக்க வர்றியா, வாசல்ல நிக்கற வண்டியப் பாக்க வர்றியாண்ணே?" என்றாள். மூவரும் சிரித்தோம். அவள் வேடிக்கைக்குச் சொன்னாள். சாப்பிட்டுக் கிளம்பும்போது வழக்கம்போல நான் அந்தக் கூரையில் கை வைத்துத் தடவிவிட்டுத்தான் போனேன்.

விபத்து நடந்தது ஒரு மதியம். நான் எதையும் செய்து வைத்து அது நடக்கவில்லை. பிரேக்கைத் தொட்டேனா என்று சந்தேகப்பட வேண்டாம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எதிரே வந்த லாரி வழுக்கி மாப்பிள்ளையின் காரில் மோதியது, அவ்வளவுதான். உங்கள் ஆட்களே அப்போது வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் எழுதியதில் தவறில்லை.

என் பட்டறை பெரிய சாலையில், திருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பத்தில் எது மோதினாலும் முதலில் எங்களுக்குத்தான் ஆள் ஓடி வருவார்கள். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வர நேரமாகும். அதற்குள் நாங்கள் போய்த் தகரத்தை வெட்டி ஆளை வெளியே எடுத்துவிடுவோம். பலரை அப்படி எடுத்திருக்கிறேன். இன்றும் சிலர் வழியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அன்றும் ஒருவர் பைக்கில் வந்து கத்தினார். நானும் பெயின்டரும் பெயின்ட்டில் தின்னர் கலந்துகொண்டிருந்தோம். எழுந்த வேகத்தில் தின்னர் டப்பா கவிழ்ந்து என் பேன்ட் மேலெல்லாம் கொட்டியது. துடைக்க நேரமில்லை. கேஸ் கட்டர், ஜாக்கி, கடப்பாரை, சங்கிலி, இரும்பு ரம்பம் எல்லாம் எப்போதும் என் வேனிலேயே இருக்கும். ஏறிப் போனோம்.

கார் திருப்பத்தில் இருந்த ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. இடப்பக்கக் கதவு சுவரோடு ஒட்டியிருந்தது. வலப்பக்கக் கதவை லாரி உள்ளே தள்ளியிருந்தது. முன்பக்கம் காகிதம் போலச் சுருங்கியிருந்தது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் மேல் மழைத்துளிகள் உருண்டை உருண்டையாக அப்படியே நின்றன. ஒரு கீறல் இல்லை.

நான் முதலில் பார்த்தது கூரையை. அதற்குப் பிறகுதான் குனிந்து உள்ளே பார்த்தேன். உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல் அப்படிச் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஊரில் அந்தக் கார் ஒன்றுதானே.

மாப்பிள்ளைக்கு நினைவு இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. இதை என்னால் மறக்க முடியவில்லை.

"மச்சான், நீங்களா? அப்பாடா. கால் மாட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல. அவளுக்கு இப்ப போன் போடாதீங்க, பயந்துருவா."

வலது தொடை டேஷ்போர்டுக்குக் கீழே நசுங்கியிருந்தது. இருக்கைக்கு அடியில் ரத்தம் தேங்கத் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கும் பில்லர்களை அறுத்து, கூரையை டின் மூடி போலப் பின்னால் மடக்கிவிட வேண்டும். பிறகு சீட்டைச் சாய்த்துக் காலை உருவி, ஆளை மேலாகத் தூக்கிவிடலாம். பெயின்டருக்கும் இது தெரியும். நான் சொல்வதற்கு முன்பே ரம்பத்தோடு வந்து நின்றார்.

"ரெண்டு பில்லரையும் அறுத்துறட்டுமாண்ணே?"

"வேணாம். பெட்ரோல் வாடை அடிக்குது."

"இது ரம்பந்தானேண்ணே. கட்டர் கூட இல்லையே."

"இரும்பும் இரும்பும் உரசினா பொறி வரும். ஆள் உள்ள இருக்காரு. கீழ வையி."

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பேன்ட்டைப் பார்த்தார். தின்னர் வாடை குப்பென்று வந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்தவர்களுக்கும் அது வந்திருக்க வேண்டும். யாரோ, "பெட்ரோலாம், பீடி சிகரெட் இருந்தா அணைங்கப்பா" என்று சத்தம் போட, எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். அந்தக் காருக்கு டேங்க் பின்னால் இருக்கிறது. பின்பக்கத்தில் அடி எதுவும் படவில்லை. அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். இன்னொருவருக்கும் தெரியும். அவர் காருக்குள் இருந்தார்.

"மச்சான், பெட்ரோல் வாடை ஒண்ணும் வரலியே."

"மூக்குல ரத்தம் வந்திருக்கு மாப்ள. உங்களுக்குத் தெரியாது."

"அப்டியா? சரி, நீங்க சொன்னா சரிதான்."

அவர் நம்பினார். நம்பாமல் கெஞ்சியிருந்தால் ஒருவேளை அறுத்திருப்பேன் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டேன். அதாவது, பழியில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளிப் பார்த்தேன்.

நான் சும்மா நிற்கவில்லை. அது உண்மை. சங்கிலியை ஸ்டியரிங் தண்டில் மாட்டி வேனால் இழுத்தேன். சங்கிலி வழுக்கியது. மறுபடி மாட்டினேன். கதவைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளங்கை கிழிந்தது, இதோ தழும்பு இருக்கிறது. கதவை எவ்வளவு வேண்டுமானாலும் நாசமாக்கலாம், எனக்கு அந்தக் கதவு தேவையில்லை. ஒரு கட்டத்தில் சங்கிலி கூரையின் ஓரத்தில் உரச வேண்டி வந்தது. சட்டையைக் கழற்றி மடித்து இடையில் வைத்தேன். கூட்டத்தில் ஓர் அம்மா, "பாவம், அவர் மேல படக் கூடாதுன்னு சட்டையக் கழட்டி வைக்கிறாரு பாருங்க" என்றார். என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை.

மாப்பிள்ளை முதலில் பேசிக்கொண்டே இருந்தார். லாரிக்காரருக்கு ஒரு கண்ணாடி இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு குளிருகிறது என்றார். பிறகு, "இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா மச்சான்?" என்று கேட்டார். "இதோ, முடிஞ்சுது" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. பெயின்டர் ரம்பத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து கதவு வழியாக இழுத்தோம். அப்போது மூச்சு இருந்தது. மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் நிறையப் போயிருச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். தங்கை என் கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசில நீ கூட இருந்தியேண்ணே. அது போதும்" என்றாள்.

காரை நான் கேட்கவில்லை. அவளே கொடுத்தாள். "என் கண்ணுல படக் கூடாது. உடைச்சுப் போடு, என்ன வேணா பண்ணு" என்றாள். கேட்காமல் வந்தது என்பதை வெகுநாள் எனக்குச் சாதகமாகவே வைத்திருந்தேன். திட்டமிட்டு எடுத்தவன் கேட்டல்லவா வாங்கியிருப்பான் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

சில மாதம் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒருநாள் காலை தார்ப்பாயை எடுத்தேன். டீக்கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். முன் பில்லர்கள் இரண்டையும் அதே ரம்பத்தால் அறுத்தேன். பழைய தகரம், உள்ளே வெறும் கூடு. நான் நினைத்ததைவிட எளிதாகப் போனது. முடித்துவிட்டு வந்து டீயை எடுத்தேன். சூடு ஆறியிருக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்தேன். அன்று மதியம் நான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட நேரம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிய நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுப்பது கஷ்டம், நேரம் பிடிக்கும், எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது போய்விட்டது. பிறகு டீயைக் குடித்தேன். குடித்துவிட்டுப் பின்பக்கத்தை அறுக்கப் போனேன்.

கூரை உட்கார்ந்தது. எங்கும் ஒட்டுத் துண்டு வைக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சாலை முதலாளியின் மூக்கும், டாக்சிக் கதவும், கோழிக் கூண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் ஆகிவிட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அழுதுகொண்டே வேலை செய்தேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அழவில்லை. சீட்டியடித்தேன்.

பெயின்டர் வண்டி முழுவதும் அடித்தார். கூரை பக்கம் வந்ததும் ஸ்பிரே கன்னைக் கழுவி வைத்துவிட்டார்.

"கூரைய நீங்களே அடிச்சிக்கோங்கண்ணே."

"ஏன்?"

"எனக்குக் கை வராதுண்ணே."

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவரை விசாரித்தால் ரம்பம் கொண்டுவந்ததைச் சொல்வார். அவர் மேல் தப்பில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். வெயிலில் வண்டியைப் பார்த்தால் கூரையின் நிறம் மட்டும் ஒரு பிடி தூக்கலாகத் தெரியும். அது என் கை.

பழைய கார்க் கண்காட்சியில் வண்டியை வைத்தேன். கூட்டம் சுற்றி நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்துவிட்டு, "எங்க வெட்டி எங்க ஒட்டுனீங்கன்னே தெரியலியே" என்றார். நாளிதழில் படம் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இன்று காலை தங்கை பட்டறைக்கு வந்தாள். கணவர் போன பிறகு அவள் அங்கே வந்தது இதுதான் முதல் தடவை.

வண்டியைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கையை உயர்த்திக் கூரையைத் தொட்டாள்.

"இது அவரோடதுதானே?"

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லாத்தான் பண்ணிருக்க. உடைச்சுப் போட்டுருப்பன்னு நெனச்சேன். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ" என்றாள்.

போனோம். வெகு நாள் கழித்து அவள் முகத்தில் காற்றுப் பட்டது போல் இருந்தது. திருப்பம் வந்தபோது வேறு வழியில் திரும்பப் பார்த்தேன். "இதுலயே போண்ணே, பரவால்ல" என்றாள். ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது மறுபடி கூரையை விரலால் தடவினாள்.

"அவ்ளோ பெரிய அடி. இதுல ஒரு கீறல்கூட இல்லையேண்ணே."

நான் சாலையைப் பார்த்தேன்.

"மேல வழியா எடுக்க முடியலியா?"

"பெட்ரோல் வாடை அடிச்சுது."

"ம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "எப்படியோ, நீ இருந்த. வேற யாராவது வந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ" என்றாள்.

ஐயா, வேறு யார் வந்திருந்தாலும் கூரையை வெட்டியிருப்பார்கள். அவர் இன்று கடையில் உட்கார்ந்து யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். ஒரு கால் வேண்டுமானால் போயிருக்கலாம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். "சாப்ட்டுட்டுப் போ" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். நேராக இங்கே வந்தேன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். கையில் ரம்பம் இருந்தது, அறுக்கத் தெரியும், நேரமும் இருந்தது. இல்லாத பெட்ரோலைச் சொல்லி அறுக்க விடாமல் செய்தேன். என் தங்கையின் கணவரைச் சாக விட்டது நான்தான். லாரிக்காரர் உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள், அவர் இடித்தார், அவ்வளவே. தங்கைக்கு இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அவர் சாக வேண்டும் என்று ஒரு கணமும் நான் நினைத்ததில்லை. இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வண்டியைச் சாட்சிக்கு எடுத்துக்கொள்வீர்கள், தெரியும். இந்தக் கூரை அவர் காரிலிருந்து வந்ததுதானா என்று பார்க்க உங்கள் ஆட்கள் பில்லரை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். அது வேண்டியதில்லை, ஐயா. ஓரத்தில் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினாலே நான் பற்றவைத்த இடம் தெரியும், எங்கே என்று நானே வந்து காட்டுகிறேன். கூரையில் மட்டும் ரம்பத்தை வைக்க விடாதீர்கள். ஒருமுறை வெட்டிவிட்டால் அந்த வளைவு திரும்ப வராது.